ஆறு செம்புத் தட்டுகள்

"இது பிஸ்டனோ, உளுந்து வடையோ?" என்று கேட்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. செல்வமலர் அக்கா அந்தப் பிஸ்டனைக் கையில் எடுத்து, நடுவில் விழுந்திருந்த ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

2006 அக்டோபர், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். ஒஸ்லோ, அல்னாபுறுவில் உள்ள ஒரு கராஜ். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கணக்குப் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் பிலேந்திரன். அவருடைய காரோட்டி, உதவியாளர், வாயாடி. மூன்றில் கடைசி வேலைதான் எனக்கு ஒழுங்காக வரும்.

பிஸ்டன் வந்தது அல்பேர்ட் அண்ணையின் காரிலிருந்து. 1966ஆம் ஆண்டு இங்கிலீஸ் கார், வெள்ளை நிறம், ஆறு சிலிண்டர், கூரை திறக்கும். ஒஸ்லோவில் நடக்கிற தமிழ்க் கலியாணங்களில் பாதிக்கு அந்தக் கார்தான் மணமகளைக் கொண்டுபோகும். மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு மணமகளோடு ரொம்சோஸ் மண்டபத்துக்கு ஏறுகிற மேட்டில் நடுவழியில் உயிரை விட்டது. பெண் பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாகப் பஸ்ஸில் ஏறிப்போனாள். முகூர்த்தம் தப்பிவிட்டது. ஐயர் பஞ்சாங்கத்தைப் பிரட்டி இன்னொரு நல்ல நேரத்தை எப்படியோ கண்டுபிடித்தார்.

அந்தக் காரை ஓட்டியவன் நான்தான். அது எல்லாருக்கும் தெரியும். சனி, ஞாயிறுகளில் அல்பேர்ட் அண்ணைக்குக் கார் ஓட்டிக் கொடுப்பது என் வழக்கம்.

பழி விழுந்தது இந்தக் கராஜில் வேலை செய்கிற குகநேசன் மேல். கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர் அந்த இஞ்சினின் தலையைக் கழற்றி, எண்ணெய் ஒழுக்கை அடைக்கிற கேஸ்கட் தகட்டை மாற்றிப் பூட்டியவன் அவன். "அவன் தொட்ட பிறகுதான் செத்தது" என்று அல்பேர்ட் அண்ணை கராஜ் முதலாளிக்குக் கடிதம் எழுதிவிட்டார். இன்றைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு முதலாளி முடிவு சொல்வார். வேலை போனால் வேலைக் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இரண்டு வருடமாகக் காத்திருக்கிற அவன் மனைவி நிருஜாவுக்கும் நாலு வயது மகளுக்கும் விசா இல்லை.

நிருஜாதான் எங்கள் கட்சிக்காரி. திங்கட்கிழமை அக்காவுக்குப் போன் எடுத்தாள். "இவர் என்ன செய்தவர் எண்டு கேட்டால் வாய் திறக்கிறாரில்லை. குடிக்கிறாரோ, பொய் சொல்லுறாரோ, எனக்குத் தெரியேல்லை. உண்மை எதுவெண்டாலும் பரவாயில்லை அக்கா. எனக்கு அது வேணும்."

முதலாளி ஊலாவ், சிவத்த மூக்கும் பெரிய கையும் உள்ள நோர்வேக்காரர், நோர்ஸ்க் மொழியில் விளக்கினார். "இந்த இஞ்சினின் புத்தகத்தில் 98 ஒக்டேன் என்று இருக்கிறது. பெற்றோல் தாங்கியில் இருந்தது 95. சாதாரணமாக, 95 அடித்தவன்தான் குற்றவாளி என்று நான் சொல்லியிருப்பேன். ஆனால் நாலு வருடமாக 95தான் அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்று அல்பேர்ட் எழுதித் தந்திருக்கிறார். எங்கள் கையால் போய் ஒரே கிழமையில் ஓட்டை. நான் என்ன நினைக்க?"

குகநேசன் மூலையில் நின்று துணியால் கையைத் துடைத்தபடி இருந்தான். கையில் அழுக்கே இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வேலைச் சீட்டிலை என்ன எழுதினனி?" அக்கா கேட்டார்.

"கேஸ்கட் மாத்தினது எண்டு."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை அக்கா."

"சரி, பிஸ்டனைக் கொஞ்ச நேரம் கொண்டுபோறன்" என்று அக்கா அதைக் கைப்பைக்குள் வைத்தார். லிப்ஸ்டிக், ஆஸ்பிரின், செத்த பிஸ்டன். அக்காவின் பைக்குள் இதுக்கு முன்னரும் விசித்திரமான சாமான்கள் இருந்திருக்கின்றன.

காரில் ஏறியதும் அக்கா கேட்டார்: "உந்த 95, 98 எண்டால் என்னடாப்பா? எனக்குப் பம்பிலை பச்சைக் குழாய் மட்டுந்தான் தெரியும்."

எனக்கு வாய் தானாகத் திறந்தது. "அக்கா, இஞ்சின் பெற்றோலையும் காத்தையும் போட்டு இறுக்கி அமத்தும். பிறகுதான் பொறி விழும், வெடிக்கும். அதுவரைக்கும் பெற்றோல் பொறுமையா இருக்கவேணும். 98 பொறுமைசாலி, எவ்வளவு அமத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். 95 கொஞ்சம் கோபக்காரன். கூட அமத்தினால் பொறி வரமுதலே தானா வெடிச்சிடும். நேரங்கெட்ட நேரத்திலை வெடிச்சால் பிஸ்டனிலை சம்மட்டியாலை அடிக்கிற மாதிரி. சூடு ஏறி, ஏறி, கடைசியா ஓட்டை."

"அப்ப அமத்தம் குறைஞ்ச இஞ்சினுக்கு?"

"95 காணும். 98 அடிக்கிறது வீண்."

"அந்த அடி விழேக்கை வெளியிலை சத்தம் கேக்குமோ?"

"கேக்கும். தகரப் பேணிக்குள்ளை சிறுகல்லுப் போட்டுக் குலுக்கின மாதிரி."

"உனக்குக் கேட்டதோ அண்டைக்கு?"

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். "நாதஸ்வரம் பெரிசாப் போட்டிருந்தது அக்கா."

அது பொய்யில்லை. ஏன் பெரிதாகப் போட்டேன் என்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. யன்னலைத் திறந்து குளிர்காற்றை முகத்தில் வாங்கினேன்.

"இப்ப பார், பிலேந்திரன்" என்றார் அக்கா. "95 கோபக்காரன். சரி. நாலு வருசம் அவன் ஏன் கோபப்படேல்லை? அதுதான் எனக்கு வேணும். இந்த ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கொண்டு போவம்."

அல்பேர்ட் அண்ணையின் வீடு ரொம்மனில், நாலாம் மாடி. சுவரில் மாதாவின் படம். பக்கத்தில் அதைவிடப் பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ்.

"பழைய கார்க் கழகம் தந்தது" என்றார் அல்பேர்ட் அண்ணை, கேட்காமலே. "ஒரு ஆணிகூட மாத்தேல்லை, முழுக்க அசல் எண்டு எழுதித் தந்திருக்கிறாங்கள். நோர்வேக்காரங்களே வாயைப் பிளந்தவங்கள்."

"இப்ப அசல் ஓட்டையும் கிடைச்சிருக்கு" என்றேன்.

"உனக்கு எல்லாம் பகிடி. என்ரை கார் செத்துப்போய்க் கிடக்கு!"

தேத்தண்ணி வந்தது. கோப்பைக்குக் கீழே வைக்க ஆளுக்கொரு செம்புத் தட்டு. வட்டமாக, மினுக்கி, விளிம்பைச் சீராக அராவி வைத்திருந்தார். அக்கா கோப்பையைத் தூக்கினார், வைத்தார், மறுபடி தூக்கினார்.

"வடிவான தட்டு. எத்தினை இருக்கு?"

"ஆறு. கடையிலை வாங்கேல்லை, என்ரை கைவேலை. செம்புத் தகட்டிலை வெட்டினது."

"கை பழகின கைதான். ஊரிலை என்ன வேலை?"

அல்பேர்ட் அண்ணைக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கொக்குவிலிலை கராஜ். தொண்ணூறுகளிலை, பொருளாதாரத் தடை நேரம், பெற்றோல் எங்கை? ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேட்டருக்குள்ளை விட்டு ஸ்ராட் பண்ணுறது, பிறகு மண்ணெண்ணையிலை ஓடுறது. ஏ-போட்டிக் கார், மோட்டச்சைக்கிள், தண்ணிப் பம்ப், எல்லாம் நான் ஓடவிட்டனான்!"

"மண்ணெண்ணெய் 95ஐ விடக் கோபக்காரனாச்சே அண்ணை. இஞ்சின் தட்டாதோ?" அக்கா கேட்டார்.

"தட்டும், தட்டும். அதுக்கு ஒரு வேலை இருக்கு..."

சொல்லிக்கொண்டு போனவர் சட்டென்று நிறுத்தினார். சான்றிதழைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணியை ஒரே இழுவையில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"என்ன வேலை அண்ணை?" என்றார் அக்கா.

"பழங்கதை. இப்ப என்னத்துக்கு? நீங்கள் அந்தப் பெடியனைப் போய் விசாரியுங்கோ."

அக்கா எழுந்தார். "ஒரு தட்டுத் தருவியளோ? சாமி விளக்குக்குக் கீழை வைக்க அளவாயிருக்கும்."

கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் அல்பேர்ட் அண்ணை. கழுவித் துடைத்தே கொடுத்தார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அக்கா மடியில் தட்டை வைத்தார். பைக்குள்ளிருந்து பிஸ்டனை எடுத்து அதன்மேல் நிறுத்தினார். சுற்றிவர ஒரு மயிரிழை மட்டும் செம்பு தெரிந்தது.

"ஐயோ!" என்றேன்.

"ஆறு சிலிண்டர், ஆறு தட்டு" என்றார் அக்கா. "ஒரு செம்புத் தகட்டிலை ஆறு ஓட்டை வெட்டினவர். வெட்டின வட்டங்களிலை தேத்தண்ணி வைக்கிறார். ஓட்டை விழுந்த தகடு எங்கை போனது?"

எனக்குப் புரிந்துவிட்டது. நானும் அந்தத் தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவன்தானே! இஞ்சின் தலைக்குக் கீழே ஒரு கேஸ்கட்டுக்குப் பதிலாக இரண்டு போட்டால் தலை கொஞ்சம் உயர்ந்து நிற்கும். உள்ளே இடம் கூடும், அமத்தம் குறையும், மோசமான எண்ணெயும் சத்தம் போடாமல் எரியும். அந்த வித்தையை ஒஸ்லோவில், அதுவும் முழுக்க அசல் என்று சான்றிதழ் வாங்கிய இஞ்சினில் செய்துவைத்துவிட்டு, நாலு வருடம் 95ஐ ஊற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார் இந்த மனிதர். வெளியில் சொன்னால் சான்றிதழ் போய்விடும்.

இதை அக்காவுக்கு விளக்கிவிட்டு, "அப்ப அல்பேர்ட் அண்ணைதான் குற்றவாளி" என்றேன். என் குரலில் இருந்த சந்தோசம் எனக்கே வெட்கமாக இருந்தது.

"அவசரப்படாதை. அவரின்ரை கேஸ்கட் இருந்த வரைக்கும் கார் நல்லாத்தானே ஓடினது? கராஜுக்கு விடு."

கராஜில் மணிக்கூடு மூன்றரையைத் தாண்டியிருந்தது. அக்கா செம்புத் தட்டை மேசையில் வைத்தார். அதன்மேல் பிஸ்டனை வைத்தார். குகநேசனைப் பார்த்தார்.

குகநேசன் அதைப் பார்த்தான். பிறகு தன் அலுமாரியைத் திறந்து, பழைய பத்திரிகையில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து விரித்தான். செம்புக் கேஸ்கட். ஆறு வட்ட ஓட்டை, கையால் வெட்டியது. ஊலாவ் குனிந்து பார்த்து விசிலடித்தார்.

"தலையைக் கழட்டேக்கை ரெண்டு கேஸ்கட் இருந்தது" என்றான் குகநேசன். "பார்த்தவுடனை விளங்கிட்டுது. இது எங்கட ஊர் வேலை. நான் புத்தகத்திலை உள்ளபடி ஒண்டு மட்டும் போட்டுப் பூட்டினனான். எறிய மனம் வரேல்லை, நல்ல கைவேலை."

"அப்ப இஞ்சின் பழைய அமத்தத்துக்கு வந்திட்டுது. 98 கட்டாயம். அதை ஏன் சீட்டிலை எழுதேல்லை?" அக்கா கேட்டார்.

"எழுதினால் ஏன் எண்டும் எழுதவேணும். இவங்கள் கழகத்துக்குச் சொல்லிப்போடுவாங்கள். அல்பேர்ட் அண்ணைக்கு அந்தச் சான்றிதழ் எவ்வளவு பெரிசெண்டு எனக்குத் தெரியும். வயசு போன மனுசன், அவரின்ரை மரியாதையைக் கெடுப்பானேன் எண்டு..."

அக்கா ஊலாவுக்கு நோர்ஸ்க்கில் எல்லாவற்றையும் சொன்னார். ஊலாவ் தாடையைத் தடவினார். "ஒரு கேஸ்கட் போட்டது சரி. நானும் அப்படித்தான் போட்டிருப்பேன். ஆனால் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது இனி 98 மட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னானா? சொல்லியிருந்தால் அவன்மேல் குற்றம் இல்லை. சொல்லாவிட்டால் அவன் போகத்தான் வேண்டும்."

"வாயாலை சொன்னனியோ?" அக்கா கேட்டார்.

"சொன்னனான்."

"ஆரிட்டை?"

குகநேசன் தரையைப் பார்த்தான். "ஞாபகமில்லை அக்கா."

"ஒரு பழைய கேஸ்கட்டைப் பேப்பரிலை சுத்திப் பத்திரமா வைச்சிருக்கிற ஆளுக்கு இது ஞாபகமில்லையோ?"

மணிக்கூட்டில் நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவன் கண்கள் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மேசையில் ஒரு நீலக் கொப்பி கிடந்தது. கார் எடுத்துப் போகிறவர்கள் சாவிக்குக் கையெழுத்து வைக்கும் கொப்பி. அக்கா அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். திறக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"திறக்கட்டோ, பிலேந்திரன்?"

"வேண்டாம் அக்கா" என்றேன். "என்ரை கையெழுத்துத்தான்."

சொல்லிவிட்டேன். இனி மறைத்து என்ன? கார் எடுக்க வந்தவன் நான்தான். குகநேசன் என்னைக் கதவுவரை கூட்டிக்கொண்டுபோய், ஊலாவுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னான்: "அண்ணை, இனி இதுக்கு 98 மட்டுந்தான். அல்பேர்ட் அண்ணையிட்டையும் பக்குவமாச் சொல்லிவிடுங்கோ." நான் சொன்னேன்: "ஓம் ஓம், காருக்கும் சாதி வந்திட்டுதோ?" என் பகிடிக்கு நானே சிரித்துக்கொண்டு போய்விட்டேன். அல்பேர்ட் அண்ணையிடம் சொல்லவில்லை.

கலியாணத்தன்று யெஸ்ஹைமில் பெண் வீட்டில் மேக்கப் முடியப் பிந்திவிட்டது. வழியில் கை பழகின பச்சைக் குழாயை எடுத்து 95ஐ அடித்தேன். பெரிய றோட்டில் நாற்பது கிலோமீட்டர், மிதித்த மிதியில் வந்தேன். ரொம்சோஸ் மேட்டில் ஏறும்போது அந்தச் சத்தம் வந்தது. தகரப் பேணிக்குள் சிறுகல்.

மறந்துபோனேன் என்று சொல்லலாம்தான். பம்பில் மறந்தது உண்மை. மேட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் குகநேசன் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போதே காரை ஓரங்கட்டியிருந்தால் இஞ்சின் பிழைத்திருக்கும். பெண்ணோடு இருந்தவர்கள் "கெதியா, கெதியா" என்றார்கள். நடுவழியில் நின்றால் ஊர் முழுக்க என்னைச் சொல்லிச் சிரிக்கும் என்று நினைத்தேன். ஊரைச் சிரிக்கவைக்கிறவன் நான், என்னைச் சொல்லி ஊர் சிரிப்பதா? நாதஸ்வரத்தைக் கூட்டினேன்.

இதையெல்லாம் கராஜின் நடுவில் நின்று தமிழிலும் நோர்ஸ்க்கிலும் மாறி மாறிச் சொன்னேன்.

"மூண்டு கிழமை" என்றார் அக்கா. "நாலு நாளா என்னை ஏத்தி இறக்கினனி. ஒரு வார்த்தை சொல்லேல்லை."

"ஒவ்வொரு நாளும் இண்டைக்குச் சொல்லுவம் எண்டுதான் வெளிக்கிட்டனான் அக்கா."

"டேய், நீ ஏன்டா சொல்லேல்லை?" என்று குகநேசனிடம் கத்தினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "உன்ரை மனுசி பிள்ளையின்ரை விசயமடா! என்ரை பேரைச் சொல்ல ஒரு நிமிசம் போகுமோ?"

"இஞ்சை வந்த புதிசிலை ஒண்டரை வருசம் உங்கட சோபாவிலை படுத்தவன் அண்ணை நான்" என்றான். "உங்களைக் காட்டிக்குடுத்திட்டு எந்த முகத்தோடை இருக்கிறது? நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

அவன் அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊலாவ் என்னை எழுதித்தரச் சொன்னார். எழுதினேன், கையெழுத்து வைத்தேன். அவர் அதை வாசித்துவிட்டுக் குகநேசனிடம் திரும்பினார். "அடுத்த முறை எவருடைய மரியாதை போனாலும் சீட்டில் எழுது. வேலை இருக்கிறது. கடிதத்தை நாளைக்குக் காலையில் தருகிறேன்." குகநேசன் தலையாட்டினான். ஒரு ரயர்மேல் உட்கார்ந்தான்.

அக்கா தன் கைபேசியையும் போன் கார்டையும் எடுத்து நம்பர்களை அழுத்தி, என்னிடம் நீட்டினார்.

"கட்சிக்காரிக்கு முடிவு சொல்லவேணும்."

"நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

"இல்லை. நீ."

கொழும்பில் மணி அடித்தது. நிருஜா உடனே எடுத்தாள். நான் பெயரைச் சொன்னதும் குரல் மலர்ந்தது. "பிலேந்திரன் அண்ணையோ? நீங்களும் சேந்து தேடுறியள் எண்டு அக்கா சொன்னவ. கண்டுபிடிச்சாச்சோ?"

"ஓம் பிள்ளை. வேலை போகாது. கடிதம் நாளைக்கு வரும்."

அவள் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. "அப்ப பிழை செய்தது ஆர்?"

"நான்."

"என்ன அண்ணை?"

"நான்தான் பிள்ளை. உன்ரை மனுசன் எனக்குச் சரியாச் சொல்லிவிட்டவன். நான் கேக்கேல்லை. பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். அவன் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை. அவ்வளவுதான் நடந்தது."

போன் கார்ட் முடிந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்படி இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"மூண்டு கிழமையா நான் இவரைத் திட்டாத திட்டில்லை" என்றாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "பொய்காரன் எண்டனான். உண்மையைச் சொல்லுமட்டும் பிள்ளையோடை கதைக்க விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். விடேல்லை அண்ணை. ஒரு நாளும் விடேல்லை."

"என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை" என்றேன்.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு யாரையோ கூப்பிடுவது கேட்டது. "வாங்கோ, ஓடி வாங்கோ, அப்பா லைனிலை." சின்னக் கால்கள் ஓடி வந்தன. குகநேசனுக்குப் போனைக் கொடுப்பதற்காக நான் திரும்பினேன். அதற்குள் என் காதுக்குள் அந்தக் குரல் வந்துவிட்டது.

"அப்பா, ஏன் இவ்வளவு நாளும் என்னோடை கதைக்கேல்லை?"

பதில் சொல்லவேண்டியவன் நான். போனைக் குகநேசனிடம் நீட்டினேன்.